வீடற்றோர் பிரச்சினையும் தெருப் பாதுகாப்பும்: ஒரே திட்டத்தில் வைப்பது சரியா?

தெருவிளக்கு:

கொஞ்ச நாட்களாக வெவ்வேறு நகரங்களின் திட்ட அறிக்கைகளைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீடற்றோர் பிரச்சினை, சமூகப் பாதுகாப்பு இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவருவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. தலைப்பைப் பார்த்ததுமே ஒரு கேள்வி வருகிறது. யாருடைய பாதுகாப்பு? தெருவில் படுத்திருப்பவரிடமிருந்து மற்றவர்களைக் காப்பதா, இல்லை படுத்திருப்பவரையும் சேர்த்துக் காப்பதா?

பிரிட்டனில் கிரைசிஸ் என்ற தொண்டு நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெருவில் உறங்குபவர் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு பொதுமக்களைவிடக் கிட்டத்தட்ட 17 மடங்கு அதிகம். தூங்கும்போது உதைக்கிறார்கள், பொருளைப் பறிக்கிறார்கள், மேலே எதையாவது வீசிவிட்டுப் போகிறார்கள். ஒரு நகரத்தில் மிகவும் பாதுகாப்பில்லாமல் இருப்பது யார் என்று கேட்டால் முதலில் இவர்களைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் பாதுகாப்புக் கூட்டங்களில் இவர்கள் புகாருக்குரிய பொருளாகத்தான் வருகிறார்கள்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே திட்டத்தில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் வீட்டுக்கு வழி சொல்லாத பாதுகாப்புத் திட்டம், ஆட்களை இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குத் தள்ளும் வேலையோடு நின்றுவிடும். கடை வைத்திருப்பவர்கள், களத்தில் வேலை செய்பவர்கள், தெருவில் இருந்து மீண்டவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள்.

கடைவாசல்:

நான் கடை வைத்திருப்பவன். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் வாசலைக் கழுவ வேண்டியிருக்கிறது. எதைக் கழுவுகிறேன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் வேலை செய்யும் பெண் மாலையில் தனியாகக் கிளம்பப் பயந்து, இன்னொருவர் கிளம்பும் வரை காத்திருந்து போகிறார்.

வாசலில் படுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் ஒருவர் நான் வரும் சத்தம் கேட்டதுமே எழுந்து, அட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். தொல்லை அவரால் இல்லை. இரவில் அவர்களைத் தேடி வரும் போதை வியாபாரிகளால்தான். ஆனால் நான் யாரைக் கூப்பிடுவது? காவல் நிலையத்தைக் கூப்பிட்டால், படுத்திருப்பது குற்றமில்லை, நகர நிர்வாகத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே கேட்டால் நலத்துறை என்கிறார்கள். நலத்துறையில் அலுவலக நேரத்துக்கு மேல் யாரும் போனை எடுப்பதில்லை.

வீடு கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீடு எப்போது வரும்? அதுவரை என் வாசலுக்கு என்ன வழி? இதற்குப் பதில் சொல்லாத திட்டத்தை என்னால் ஆதரிக்க முடியாது.

இரவுப்பணி:

கடைவாசல் அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழித்துவிட்டு யாரும் திட்டம் போட முடியாது. நான் தெருவில் இருப்பவர்களைத் தேடிப்போய்ப் பேசும் களப்பணியில் இருக்கிறேன். ஓர் இடத்தைக் காலி செய்யும்போது மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். வலிப்பு நோய் உள்ளவர். அவருடைய சொத்து முழுவதும் ஒரு நீல பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. அடையாள அட்டை, மருத்துவமனைச் சீட்டுகள், மாத்திரை அட்டை, வீட்டுக்கு விண்ணப்பித்த ரசீது. தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு, வாயை ஷூ கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார். ஒருநாள் விடியற்காலையில் அவர் கழிப்பறை தேடிப் போயிருந்த நேரம் பார்த்து லாரி வந்தது. போர்வை, அட்டைப்பெட்டியோடு சேர்த்து அந்தப் பையும் குப்பையில் போனது. திரும்பி வந்து பார்த்தவர் எங்கேயோ நடந்து போய்விட்டார்.

நாங்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர் பெயருக்கு வந்த வீட்டின் கெடு முடிந்து, அது வேறொருவருக்குப் போய்விட்டது. புது அடையாள அட்டைக்கு முகவரி கேட்டார்கள். முகவரிக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு அடையாள அட்டை வேண்டும். பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். மாத்திரை விட்டுப்போன நாட்களில் அவருக்கு எத்தனை முறை வலிப்பு வந்தது என்பது அவருக்கே தெரியாது.

அன்று அந்த இடம் சுத்தமானது உண்மை. சில நாட்களில் வேறு இருவர் வந்து அங்கேயே படுத்ததும் உண்மை.

2023இல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் ஓர் ஆய்வு வந்தது. 23 நகரங்களின் தரவுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. தெருவில் இருந்துகொண்டு ஊசி வழியாகப் போதை எடுப்பவர்களை ஓயாமல் இடம் மாற்றிக்கொண்டே இருந்தால், பத்து ஆண்டுகளில் அவர்களிடையே நேரும் மரணங்களில் சுமார் 15 முதல் 25 சதவீதம் வரை அந்த விரட்டலால் வந்தவையாக இருக்கும் என்பது அதன் முடிவு. காரணம் எளிது. மருந்து போகிறது, செவிலியர் தொடர்பு அறுகிறது, நினைவு தப்பி விழுந்தால் பார்த்து எழுப்பும் பக்கத்து ஆளும் இல்லாமல் போகிறார்.

கணக்கர்:

"வீடு எப்போது வரும்" என்ற கேள்விக்குத்தான் இந்த விவாதமே சுற்ற வேண்டும். அதற்குப் பதில் சொல்லிக் காட்டிய நகரங்கள் உண்டு.

முதலில் ஒரு பின்னணி. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் ஒரு முறையைத் தொடங்கினார். அதற்கு முன்பெல்லாம் போதையை விட வேண்டும், சிகிச்சை முடிக்க வேண்டும், காப்பகத்தில் ஒழுங்காக இருந்து காட்ட வேண்டும், கடைசியில்தான் வீடு. அவர் அந்த வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, நிபந்தனை இல்லாமல். சிகிச்சையும் மற்ற உதவிகளும் அந்த வீட்டுக்கே தேடி வரும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் இதைப் பெரிய அளவில் செய்தது. தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகளை ஒரே பட்டியல், ஒரே விண்ணப்பம் என்ற ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2011க்குப் பிறகு அங்கே வீடற்றோர் எண்ணிக்கை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. கூடார முகாம் ஒன்றை மூடுவதென்றால் களப்பணியாளர்கள் முன்கூட்டியே போய் அங்கிருக்கும் ஒவ்வொருவருக்கும் வீடு பேசி முடிப்பார்கள். ஆட்கள் குடிபோன பிறகுதான் இடத்தைச் சுத்தம் செய்வது. இடம் காலியானது, ஆட்கள் தொலைந்துபோகவில்லை. கடைவாசல் கேட்பதும் இரவுப்பணி கேட்பதும் அங்கே ஒரே வேலையில் நடந்தன.

ஃபின்லாந்து இன்னும் பழைய கதை. அங்கே 1985இலேயே ஒய்-சாட்டியோ என்ற அறக்கட்டளை தொடங்கி, சாதாரண அடுக்குமாடிகளில் வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டது. 2008இல் அரசு நீண்டகால வீடின்மையைப் பாதியாக்கும் திட்டத்தை எடுத்தபோது, ஹெல்சிங்கியின் பெரிய காப்பகங்களை ஒவ்வொன்றாகத் தனி வீடுகளாக மாற்றினார்கள். வரிசைக் கட்டில்கள் போய், சமையலறையும் சொந்தச் சாவியும் வாடகை ஒப்பந்தமும் உள்ள வீடுகள் வந்தன. நாடு முழுவதும் வீடற்றோர் எண்ணிக்கை 2023 கடைசியில் 3,429. வாடகை உதவித்தொகையில் வெட்டு விழுந்த பிறகு 2024இல் அது மறுபடி ஏறியது. இந்த வேலையைப் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே பதில்.

ரோந்து:

காவல்துறையில் ரோந்துப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கர் சொன்னது தவறில்லை, ஆனால் அது முழுப் படமும் இல்லை.

ஹூஸ்டனில் பொது இடத்தில் கூடாரம் போடத் தடை செய்யும் சட்டமும் 2017 முதல் இருக்கிறது. வாடகையும் கலிஃபோர்னியா நகரங்களைவிட அங்கே குறைவு, கட்டுமான விதிகளும் தளர்வு. காலியான வீடு கிடைக்கும் ஊரில் செய்ததை, கிடைக்காத ஊரில் அப்படியே செய்ய முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் 2016இல் வாக்களித்து 120 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள், பத்து ஆண்டுகளில் 10,000 வீடுகள் என்று. முதல் சில ஆண்டுகளில் கைக்கு வந்த வீடுகள் மிகக் குறைவு. ஒரு வீட்டின் சராசரிச் செலவு 5 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டுகளில் தெருவில் இருந்த மக்களும் பொறுத்தார்கள், கடைக்காரர்களும் பொறுத்தார்கள். யாருக்கு என்ன பதில்?

இன்னொன்று. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், 2,000 பேருக்கும் மேற்பட்டவர்களை வைத்து, கணக்கர் சொன்ன இந்த ‘முதலில் வீடு’ முறையைச் சோதித்தார்கள். சோதனையின் கடைசி ஆறு மாதமும் தொடர்ந்து வீட்டில் இருந்தவர்கள் ‘முதலில் வீடு’ பிரிவில் 62 சதவீதம், வழக்கமான சேவை பெற்றவர்களில் 31 சதவீதம். பெரிய வெற்றிதான். ஆனால் போதைப் பழக்கத்திலும் மனநல அறிகுறிகளிலும் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீடு கொடுத்தால் ஆள் வீட்டில் இருப்பார். அதற்கு மேல் வேண்டுமென்றால் அதற்கு மேல் செலவு செய்ய வேண்டும். இதை மக்களிடம் ஒளிக்காமல் சொன்னால்தான் நம்புவார்கள்.

கத்தி காட்டி மிரட்டுபவர் வீடற்றவராக இருந்தாலும் அவரைக் கைது செய்யத்தான் வேண்டும். அவருக்குப் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் அவரிடம் அதிகம் பயந்து கிடக்கிறார்.

முகவரி:

ரோந்து ஐயா கடைசியாகச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் தெருவில் இருந்தவள்.

பெண்கள் பலர் தெருவில் தூங்குவதில்லை, உட்கார்ந்திருப்பார்கள். நான் இரவு முழுக்கப் பேருந்து நிலையத்தில் பயணி மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பகலில் நூலகத்தில் ஒரு புத்தகத்தை விரித்துவைத்துத் தூங்குவேன். தலை தொங்கினால் எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால் தாடையைக் கையில் முட்டுக்கொடுத்துத் தூங்கக் கற்றுக்கொண்டேன். இரவில் தெருத்தெருவாகப் போய்த் தலை எண்ணும் கணக்கெடுப்பில் என்னைப் போன்றவர்கள் வருவதே இல்லை. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை இடம் வேண்டும் என்று திட்டம் போடுகிறார்கள்.

காப்பகம் இருக்கிறதே, ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். போனேன். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு முழம் இடம். செருப்பைத் தலைக்கடியில் வைத்துக்கொள்ளாவிட்டால் காலையில் இருக்காது. பக்கத்தில் யார் வந்து படுப்பார் என்று தெரியாது. விடிந்ததும் வெளியே அனுப்பிவிட்டு, மாலையில் மறுபடி வரிசையில் நிற்கச் சொல்வார்கள். எனக்கு ஒரு துப்புரவு வேலை கிடைத்தது, இரவு எட்டு மணிக்கு முடியும். வரிசையோ ஆறு மணிக்கு. வேலையா கட்டிலா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. இப்படி இடத்தை மறுப்பவர்களைத்தான் ‘உதவியை ஏற்க மறுக்கிறார்கள்’ என்று பதிவு செய்கிறார்கள்.

எனக்குப் பாதுகாப்பு என்பது உள்ளே இருந்து தாழ்போடக்கூடிய ஓர் அறை கிடைத்த அன்றுதான் ஆரம்பித்தது. முதலில் கொஞ்ச நாள் நான் தூங்குவதைத் தவிர எதுவும் செய்யவில்லை. என்னைப் பார்க்க வந்த சமூகப் பணியாளர் அதைப் புரிந்துகொண்டு வேலை தேடு, வகுப்புக்குப் போ என்று நெருக்காமல் விட்டார். அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

தெருவிளக்கு:

முகவரி அக்கா, எழுதியதற்கு நன்றி. "ஏற்க மறுத்தார்" என்று பதிவு செய்யும் படிவத்தில் ஏன் மறுத்தார் என்று ஒரு கட்டமாவது இருக்க வேண்டும்.

இது சட்ட ரீதியாகவும் முக்கியம். 2018இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, காப்பகத்தில் இடம் இல்லாதபோது வெளியே தூங்கியதற்காகத் தண்டிக்கக்கூடாது என்று பாய்ஸி நகர வழக்கில் சொன்னது. 2024 ஜூனில் கிராண்ட்ஸ் பாஸ் என்ற நகரத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில், பொது இடத்தில் தூங்குவதற்கு எதிரான சட்டங்களை அமல்படுத்துவது அரசியலமைப்பு தடைசெய்த கொடிய தண்டனை ஆகாது என்றது. அதற்குப் பிறகு பல நகரங்கள் தடைச் சட்டங்களைக் கொண்டுவந்தன. தடை போடலாம் என்று நீதிமன்றம் சொன்னதை, தடை போட்டால் பிரச்சினை தீரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அபராதம் கட்ட முடியாதவருக்கு அபராதம் போட்டால் அது பிடியாணை ஆகிறது, பிடியாணை குற்றப் பதிவு ஆகிறது, குற்றப் பதிவைப் பார்த்து வீட்டுக்காரர் வாடகைக்கு மறுக்கிறார்.

வரைபடம்:

நகரத் திட்டமிடல் என் தொழில். எல்லோரும் வீடு, போலீஸ் என்று பேசுகிறீர்கள். நான் கழிப்பறையைப் பற்றிப் பேசுகிறேன். கடைவாசல் தினமும் காலையில் கழுவும் விஷயம் முதலில் கழிப்பறை இல்லாத பிரச்சினை.

2016 கடைசியில் அமெரிக்காவின் சான் டியேகோ பகுதியில் ஹெபடைட்டிஸ் ஏ என்ற கல்லீரல் நோய் பரவத் தொடங்கியது. கழிவிலிருந்து கை வழியாக வாய்க்குப் போகும் கிருமி. அது அடங்குவதற்குள் 592 பேருக்கு நோய் வந்து, 20 பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் பெரும் பகுதி வீடற்றவர்களும் போதைப் பழக்கம் உள்ளவர்களும். பொதுக் கழிப்பறைகள் போதவில்லை என்று அதற்கு முன்பே எச்சரிக்கைகள் இருந்தன. சாவு விழுந்த பிறகுதான் நகரம் கை கழுவும் தொட்டிகளை வைத்தது, தெருக்களைக் கிருமிநாசினி போட்டுக் கழுவியது, தடுப்பூசி முகாம்களை நடத்தியது. இரவு முழுக்கத் திறந்திருக்கும், ஆள் வைத்துப் பராமரிக்கும் கழிப்பறை என்பது, வீடு கட்டும் வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை. ஆள் வைத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். பூட்டு உடைந்த, விளக்கு இல்லாத கழிப்பறை இன்னோர் ஆபத்தான இடமாகிவிடும்.

விளக்கும் அப்படித்தான். 2016இல் நியூயார்க்கில் சில பொதுக் குடியிருப்பு வளாகங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வெளிச்சம் கூட்டினார்கள். இரவில் வெளிப்புறத்தில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. கடைவாசலிடம் வேலை செய்யும் அந்தப் பெண் நடந்து போகும் பாதைக்கு இது உடனே செய்யக்கூடியது.

அப்புறம், காப்பகத்தின் அளவு. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நகர மையத்தில் ஒரே பெரிய காப்பகம், ஆயிரம் பேருக்கும் மேல். அதைச் சுற்றி போதை வியாபாரம் வேரூன்றிவிட்டது. 2017 ஆகஸ்டில் பெரிய காவல் நடவடிக்கை எடுத்தார்கள், ஏராளமான கைதுகள். 2019இல் அந்தக் காப்பகத்தை மூடி, மூன்று சிறிய மையங்களைத் திறந்தார்கள். சிறிய மையங்கள் நல்ல யோசனை. ஆனால் மூன்றிலும் சேர்த்து 700 இடங்கள்தான். நெரிசலைக் குறைக்கப் போய் இடத்தையும் குறைத்தார்கள். பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் தற்காலிக இடம் தேடி ஓட வேண்டியதாயிற்று. சிறியதாகக் கட்டுங்கள், ஆனால் பழைய எண்ணிக்கைக்குக் கீழே போகாதீர்கள்.

கடைவாசல்:

வரைபடம் சொன்ன கழிப்பறை, விளக்கு இரண்டுக்கும் என் ஓட்டு உண்டு. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இப்படிப்பட்ட மையமோ அடுக்குமாடியோ என் தெருவில் வருகிறது என்றால், என் பக்கத்துக் கடைக்காரர்கள் முதலில் எதிர்ப்பார்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று திட்டுவது எளிது. அவர்கள் கடன் வாங்கித் தொழில் நடத்துபவர்கள். திறந்த பிறகு ஏதாவது நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அவர்கள் பயம்.

கணக்கர்:

இந்தப் பயத்துக்கு ஃபின்லாந்தில் ஒரு நடைமுறைப் பதில் வைத்திருக்கிறார்கள். ‘முதலில் வீடு’ அடுக்குமாடிகளில் அக்கம்பக்க வேலை என்று தனியாக ஒரு வேலையே உண்டு. பணியாளர்கள் சுற்றுவட்டாரத்தை நடந்து பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவர்களோடு பேசுவார்கள், புகார் வந்தால் அன்றே போய்ப் பார்ப்பார்கள். குடியிருப்பவர்களும் சேர்ந்து தெருவில் குப்பை பொறுக்குவது, இலை கூட்டுவது போன்ற வேலைகளைச் செய்கிறார்கள். எதிர்ப்பு முழுவதும் காணாமல் போகும் என்று சொல்லவில்லை. ஆனால் முகம் தெரிந்த ஆளிடம் புகார் சொல்வதும் எடுக்காத போனில் சொல்வதும் ஒன்றில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கே யாரும் தொடவில்லை. தெருவுக்கு வந்தவர்களை மட்டும் பேசுகிறோம். வந்துகொண்டிருப்பவர்கள்? அமெரிக்காவில் 2023 ஜனவரியில் சுமார் 6,53,000 பேர் வீடற்றவர்கள், ஓர் ஆண்டில் அது 7,71,480 ஆனது. எத்தனை பேருக்கு வீடு கொடுத்தாலும், அதற்கு மேல் ஆட்கள் வீடிழந்தால் தெருவில் மாற்றமே தெரியாது. சிகாகோவில் வாடகை கட்ட முடியாமல் தவிப்பவர்கள் போன் செய்தால் ஒருமுறை பண உதவி கிடைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. நிதி கையிருப்பில் இருந்த நாட்களில் கூப்பிட்டவர்களையும் இல்லாத நாட்களில் கூப்பிட்டவர்களையும் ஒப்பிட்டு 2016இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உதவிக்கு வாய்ப்பிருந்த நாட்களில் கூப்பிட்டவர்கள் ஆறு மாதத்துக்குள் காப்பகத்துக்கு வருவது 76 சதவீதம் குறைவு. இதை விட்டுவிட்டு முகாம்களைக் காலி செய்வதற்கே காசைக் கொட்டுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது.

போதைதான் காரணம் என்று சொல்பவர்கள் மேற்கு வர்ஜீனியாவைப் பார்க்கட்டும். அளவுக்கு மீறிய போதையால் சாவோர் விகிதம் மிக அதிகமான மாநிலம் என்று பல ஆண்டுகள் இருந்தது. வீடற்றோர் விகிதமோ கலிஃபோர்னியாவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வித்தியாசம் வாடகையில் இருக்கிறது.

ரோந்து:

வாடகை விஷயத்தில் கணக்கரோடு ஒத்துப்போகிறேன். யாரைக் கூப்பிடுவது என்ற கடைவாசலின் கேள்வி மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. அதற்கு என் அனுபவத்திலிருந்து.

இரவு ரோந்தில் எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை குற்றமே இல்லை. ஒருவர் தனக்குத்தானே சத்தம் போட்டுப் பேசுகிறார், ஒருவர் குளிரில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். துப்பாக்கியும் விலங்கும் இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றால் பயந்தவர் இன்னும் பயப்படுவார். 2020 ஜூனில் டென்வர் நகரம் இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு மனநல ஆலோசகரையும் மருத்துவ உதவியாளரையும் வேனில் அனுப்பத் தொடங்கியது. அந்த வேன் ஓடிய பகுதிகளில் பதிவான சிறு குற்றங்கள் 34 சதவீதம் குறைந்தன, வன்முறைக் குற்றங்கள் கூடவில்லை என்று 2022இல் வந்த ஆய்வு சொன்னது. போலீசுக்கும் உண்மையான குற்றத்தின் பின்னால் போக நேரம் கிடைக்கும். அந்தப் போதை வியாபாரிகளின் பின்னால் போக.

ஆனால் நிதி நிலையாக இருக்க வேண்டும். இந்த யோசனைக்கே முன்னோடி ஒரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரம். அங்கே 1989இல் தொடங்கிய சேவை, பணமில்லாமல் 2025 ஏப்ரலில் அந்த நகரத்தில் நின்றுபோனது. மக்கள் ஓர் எண்ணை மனப்பாடம் செய்து பழகிய பிறகு அதை நிறுத்தினால், பழையபடி எல்லா அழைப்பும் போலீசுக்குத்தான் வரும்.

கடைவாசல்:

இந்த வேன் இரவிலும் வரும் என்றால் நான் அதற்காகக் கூடுதல் வரி கட்டத் தயார்.

என் வாசலைக் காலி செய்வதென்றால், ஆளுக்குப் போக ஓர் இடம் பேசி முடித்துவிட்டு அதைச் செய்யட்டும். எனக்கு ஒரு தேதியும் சொல்லட்டும். தேதி தள்ளிப்போனால் ஏன் என்று கேட்க ஒரு பெயரும் போன் எண்ணும் கொடுக்கட்டும். இவ்வளவு இருந்தால் பக்கத்துக் கடைக்காரர்களிடம் நானே பேசுகிறேன்.

முகவரி:

அண்ணா, நீங்கள் பேசும்போது நானும் வருகிறேன்.

இன்னொன்று சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் மத்திய அரசின் வீடற்றோர் நிதி பெறும் உள்ளூர்க் குழுக்களின் நிர்வாகத்தில், வீடற்றவராக இருக்கும் அல்லது இருந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. ஒருவர் போதாது. பத்து அதிகாரிகளுக்கு நடுவில் ஒருவரை உட்காரவைத்தால் அவர் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். இரண்டு மூன்று பேர் இருக்கட்டும், அதில் பெண்களும் இருக்கட்டும். வந்துபோகும் செலவைக் கொடுங்கள். கூட்டத்தை மாலையில் வைக்காதீர்கள், அந்த நேரத்தில் காப்பக வரிசையில் இருப்பார்கள்.

தெருவிளக்கு:

இதையெல்லாம் தொகுத்து, கருத்து கேட்கும் நகர நிர்வாகங்களுக்கு அனுப்பக்கூடிய ஒரு கடிதமாக எழுதலாம் என்றிருக்கிறேன். இரவுப்பணி, அந்தப் பெரியவரின் பை மாதிரி நடக்காமல் இருக்க என்ன கேட்க வேண்டும் என்று விவரமாகச் சொல்ல முடியுமா?

இரவுப்பணி:

சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் வழக்கு ஒன்றில் 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நடைபாதையில் சிறிது நேரம் விட்டுப்போன உடைமைகளை எடுத்து அழிப்பது அரசியலமைப்பு உரிமையை மீறுவது என்று சொல்லியிருக்கிறது. ஆக இது யாரும் இரக்கப்பட்டுத் தரும் சலுகை இல்லை. கடிதத்தில் இப்படிக் கேளுங்கள்.

அறிவிப்பு ஒட்டினால் மட்டும் போதாது, களப்பணியாளர் நேரில் போய்ப் படித்துச் சொல்ல வேண்டும். பலருக்குக் கண்ணாடி இருக்காது, சிலருக்குப் படிக்கத் தெரியாது. லாரியோடு களப்பணியாளர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும். அடையாள அட்டை, மருந்து, மூக்குக்கண்ணாடி, சக்கர நாற்காலி, குடும்பப் படங்கள் எது கிடைத்தாலும் குப்பையில் போடக்கூடாது, சீட்டு போட்டு எடுத்துவைக்க வேண்டும். எடுத்துவைக்கும் இடம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், வேலைக்குப் போகிறவர்களும் வந்து எடுக்கும்படி காலையிலும் இரவிலும் திறந்திருக்க வேண்டும். திருப்பிக் கேட்கும்போது அடையாள அட்டை கேட்கக்கூடாது, ஏனென்றால் அதுதான் உள்ளே இருக்கும். பொருளின் அடையாளத்தைச் சொன்னால் கொடுத்துவிட வேண்டும். ஆவணங்களை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்தும் வசதியை எல்லாக் களப்பணிக் குழுவுக்கும் கொடுக்க வேண்டும், அவர் சம்மதித்தால் மட்டும்.

நாய் வைத்திருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். நாயைச் சேர்க்க மாட்டோம் என்று சொன்னதால் அறையை மறுத்தவர்களை எனக்குத் தெரியும். இரவில் யாராவது கிட்டே வந்தால் குரைத்து எழுப்புவது அந்த நாய்தான். ஜோடியாக இருப்பவர்களைப் பிரித்து ஆளுக்கோர் இடத்தில் போடுவதும் அப்படியே. இந்த இரண்டையும் தனி வரியாகவே எழுதுங்கள், வேறு எதற்குள்ளும் போட்டால் படிக்க மாட்டார்கள்.